ஆசிரியர்க்கு ஆசிரியர்: நன்னூற் பொதுப்பாயிர நோக்கில் ஓர் ஆய்வு

பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் எழுத்தையும் சொல்லையும் ஆராயும் இலக்கண நூலாகும். ஆயினும் அந்நூல் எழுத்தில் தொடங்கவில்லை. நூலின் இயல்பு, ஆசிரியனின் இயல்பு, கற்பித்தலின் இயல்பு, மாணாக்கனின் இயல்பு, கற்றலின் இயல்பு என்னும் ஐந்தையும் பொதுப்பாயிரத்திற் கூறி முடித்த பின்னரே இலக்கணத்துட் புகுகின்றது. எந்த அறிவும் ஏட்டில் மட்டும் நிற்பதன்று, கொடுப்போனுக்கும் கொள்வோனுக்கும் இடையே வாழ்வது என்ற தெளிவு அம்முறைவைப்பில் அடங்கியிருக்கின்றது. நல்லாசிரியனுக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமைகளாயின என்பதைப் பள்ளிப்பருவத்திலேயே மனனஞ் செய்தவர் பலர். ஆனால் அந்நல்லாசிரியன் எவ்வாறு உருவாகின்றான், அவனை உருவாக்குபவர் யாவர் என்னும் வினாவோடு அப்பாயிரத்தை அணுகியவர் சிலரே. இன்று கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் இளம் ஆசிரியர்க்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியர்களைப் பயிற்றும் முயற்சிகள் நாடெங்கும் நிகழ்கின்றன. அம்முயற்சிகளின் நிறைவையும் குறைவையும் அளப்பதற்கு இப்பழைய பாயிரம் எத்துணைப் பயன்படும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்குரிய களம் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த மாவட்டமாகும். வடக்கே குச்சவெளி, புல்மோட்டை வரையும், தெற்கே கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று வரையும் பரந்து கிடக்கும் இம்மாவட்டத்திற் பாடசாலைகள் ஒன்றற்கொன்று தொலைவில் அமைந்துள்ளன. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், நகரத்திலிருந்து குடாவின் தென்கரைக்குச் செல்லும் ஆசிரியர் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. அதற்கு முந்திய போர்க்காலத்தில் ஊர்களே பெயர்ந்தன. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தம் மண்ணுக்கு மீள ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோரப் பாடசாலைகளைச் சிதைத்தது. கட்டடங்கள் அழிந்ததை அனைவரும் கண்டனர். கண்ணுக்குப் புலனாகாது அழிந்தது ஒன்றுண்டு. மூத்த ஆசிரியர் ஒருவரின் பக்கத்து வகுப்பில் இளையவர் ஒருவர் பல்லாண்டு பாடம் நடத்தி, அவர் கரும்பலகையை எவ்வாறு பயன்படுத்தினார், பிழை செய்த பிள்ளையை எவ்வாறு விளித்தார் என்பவற்றைக் காலப்போக்கிற் பற்றிக்கொள்ளும் தொடர்ச்சியே அது. தானாக நிகழ்ந்து வந்த அத்தொடர்ச்சி அறுந்த இடத்தில், அதனைத் திட்டமிட்டு மீட்க வேண்டிய கடப்பாடு தோன்றுகின்றது. வழிகாட்டியைப் பயிற்றுதல் என்பதன் உண்மைப் பொருள் இதுவே.

இலங்கையில் இதற்கான அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் நிறுவப்பட்டது. தேசிய கல்வியியற் கல்லூரிகளிற் பயில்வோர் ஈராண்டுகள் கல்லூரியில் தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டைப் பாடசாலை ஒன்றிற் கட்டுறுப் பயிற்சியாகக் கழிக்கின்றனர். அப்பாடசாலையின் மூத்த ஆசிரியர் ஒருவரே அவர்க்கு வழிகாட்டியாவார். இவற்றோடு வலயந்தோறும் பாடவாரியாக ஆசிரிய ஆலோசகர்கள் பணியாற்றுகின்றனர். சேவைக்கால ஆலோசகர் என்னும் பெயரால் நெடுங்காலம் அறியப்பட்ட இவர்களுக்கெனத் தனிச் சேவையும் வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே குறை அமைப்பில் இல்லை. ஆலோசகரும் வழிகாட்டி ஆசிரியரும் தம் பணிக்கு எவ்வாறு ஆயத்தமாக்கப்படுகின்றனர் என்பதே ஆராயத்தக்கது. நன்கு கற்பித்தவர் நன்கு வழிகாட்டுவார் என்று கொள்ளுதல் எளிது. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பின்னம் கற்பித்தலும், இருபத்தைந்து வயது ஆசிரியர்க்குப் பின்னம் கற்பிக்கக் கற்பித்தலும் ஒரே தொழிலாகா.

முதற்கண் ஒரு பழைய நிழலை நீக்குதல் வேண்டும். ஆசிரியரின் வகுப்பறைக்குள் வெளியார் ஒருவர் நுழைவது என்றாலே மேற்பார்வை என்னும் எண்ணமே எழுகின்றது. இது காரணமின்றி எழுந்ததன்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டின் திருத்திய விதிக்கோவை, பரிசோதகர் முன்னிலையிற் பிள்ளைகள் பெற்ற பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைக்கு நிதி வழங்கும் முறையைக் கொணர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் உதவி பெறும் பாடசாலைகளிலும் அம்முறை வழங்கியது. கவிஞரும் திறனாய்வாளருமான மத்தியூ ஆர்ணல்டு 1851 முதல் 1886 வரை பாடசாலைப் பரிசோதகராகவே ஊழியம் புரிந்தவர். தாமே பரிசோதகராயிருந்தும் அம்முறை கற்பித்தலை உயிரற்ற இயந்திரத் தொழிலாக்கும் என்று அவர் இடித்துரைத்தார். பரிசோதகர் வரும் நாளுக்கெனத் தீட்டிய பாடம் ஒன்று, ஏனைய நாள்களின் பாடம் மற்றொன்று என ஆசிரிய உள்ளம் இரண்டாகப் பிளவுபட்டது. அப்பிளவு இன்றும் முற்றாகத் தீரவில்லை. வருகின்றவர் வழிகாட்டியா, மதிப்பீட்டாளரா என்று ஆசிரியர் ஐயுறும்வரை அவர் தம் இடர்ப்பாட்டைத் திறந்து கூறார். நோயை மறைக்கும் நோயாளிக்கு மருந்து கூறுதல் எவர்க்கும் இயலாது.

இனிப் பாயிரத்துக்கு மீள்வோம். ஆசிரியராதற்குத் தகாதவர்க்கு நன்னூல் நான்கு உவமைகள் கூறுகின்றது: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. உரையாசிரியர்கள் இவற்றை மாணாக்கனை நோக்கியே விளக்கினர். ஆசிரியர்க்கு ஆசிரியராக வருவோரை நோக்கி இவற்றைப் பொருத்திக் காணும்போது இவற்றின் கூர்மை பன்மடங்காகின்றது. கழற்சிக்காய் பெய்த குடம், பெய்த முறையின்றி வேறு முறையிற் கொட்டுவது. தலைநகர்ப் பயிற்சியிற் கேட்டவற்றை, அவற்றை இணைத்த காரணத்தைத் தவறவிட்டு, வலயக் கருத்தரங்கில் உதிரியாக உதிர்ப்பவர் கழற்குடமாவார். 2007இல் 6ஆம், 10ஆம் தரங்களிலிருந்து தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டம் ஐந்து படிகளையுடைய கற்பித்தல் முறை ஒன்றைக் கொணர்ந்தது. பிள்ளையை ஈடுபடுத்தல், தானே தேடச் செய்தல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல் என்பன அப்படிகள். விளக்கத்துக்கு முன் தேடல் வரவேண்டும் என்பதே அம்முறையின் உயிர். ஐந்து தலைப்புகளும் பாடக்குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்க, விளக்கம் முதலிலும் தேடல் பெயரளவிலும் நிகழ்ந்தால், குடம் நிறைந்திருந்தும் முறை மாறிவிட்டது என்பதே பொருள்.

பருத்தி அடைத்த குண்டிகை சிறிது சிறிதாகக் கொண்டு சிறிது சிறிதாகவே தருவது. சுற்றறிக்கை வருந்தோறும் அதன் ஒரு பகுதியை மட்டும் கொணர்ந்து தருபவர் அதற்கு ஒப்பாவர். கருக்கு மட்டை சூழ்ந்த பனையின் பழம் தானாக விழுந்தாலன்றி எவர்க்கும் எட்டாது. பதவியின் கருக்கால் தம்மைச் சூழ்ந்துகொண்டு, இளம் ஆசிரியர் அணுகிக் கேட்க இயலாத உயரத்தில் நிற்பவர் அப்பனையாவர். முடத்தெங்கு ஒருவன் நீர் வார்த்து வளர்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து அயலானுக்குக் காய் தருவது. பொதுநிதியிற் பயிற்சி பெற்ற திறமை முழுவதும் நகரத்துத் தனியார் வகுப்புகளுக்கே பயன்பட, நீர் வார்த்த பின்தங்கிய பாடசாலை வெறுங்கையோடு நிற்பின், அவ்வுவமை எழுநூறாண்டுகளுக்குப் பின்னும் பழமையடையவில்லை என்றே கொள்ளல் வேண்டும். இந்நான்கும் தனிமனிதரின் குற்றங்களாகத் தோன்றினும், பயிற்சியின் அமைப்பே இவற்றை விளைவிக்க வல்லது. ஓரிரு நாள் விரிவுரையால் வழிகாட்டிகளை ஆக்கிவிடலாம் என்று கருதும் அமைப்பு கழற்குடங்களையும் பருத்திக்குண்டிகைகளையும் அல்லாது வேறெவற்றை உருவாக்கும்?

இவ்விடத்திற் பாயிரம் கூறும் ஒரு கணக்கு நினைக்கத்தக்கது. ஆசிரியர் கூறியதை மாணாக்கன் முழுமையாக ஏற்றுக்கொள்ளினும் அவனுக்கு வாய்ப்பது புலமையிற் காற்பங்கே. தன்னோடொத்தாரோடு பயின்று மற்றொரு காலைப் பெறுகின்றான். எஞ்சிய அரைப்பங்கும் தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்புகின்றது. இக்கணக்கை அளவைக் கருவி கொண்டு மெய்ப்பித்தவர் எவருமிலர். அது மெய்ப்பித்தற்குரியதும் அன்று. எனினும் அதன் விகிதம் ஆழ்ந்த அனுபவத்தின் பிழிவாகும். இதனை வழிகாட்டிப் பயிற்சிக்குப் பொருத்திப் பார்ப்போம். மண்டபத்தில் அமர்ந்து விரிவுரை கேட்டலும் கையேடு பெறுதலும் முதற் காற்பங்கு. பல பாடசாலைகளின் வழிகாட்டிகள் ஒன்றுகூடித் தாம் கண்ட வகுப்புகளைப் பற்றி ஒருவரோடொருவர் வாதிடுதல் இரண்டாங் காற்பங்கு. உண்மையான வகுப்பறையில், உண்மையான இளம் ஆசிரியர் ஒருவரோடு அமர்ந்து, தாம் வழிகாட்டியதை மற்றொருவர் கண்டு திருத்த, மீண்டும் வழிகாட்டுதலே எஞ்சிய அரைப்பங்கு. பயிற்சி என்று பெயர்பெற்று நடப்பவற்றுட் பெரும்பாலானவை முதற் காற்பங்கிலேயே தொடங்கி அங்கேயே முடிவனவாகும். சான்றிதழ் முழுமைக்கு வழங்கப்படுகின்றது, கல்வியோ காற்பங்கு. குறையின் வேர் இதுவேயென்க.

அந்த அரைப்பங்கில் வழிகாட்டி கற்பது யாது? பாயிரமே விடை தருகின்றது. கற்பிப்பவன் கொள்வோன் எவ்வகையாற் கொள்கின்றான் என்பதை அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு கொடுத்தல் வேண்டும் என்பது பவணந்தியார் கருத்து. பொருளை அறிதல் வேறு, பொருள் பிள்ளையின் உள்ளத்துள் எவ்வாறு திரிபடைகின்றது என்பதை அறிதல் வேறு. 1986ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வியறிஞர் லீ சுல்மன் இவ்விரண்டாம் அறிவைப் பாடங்கற்பிக்கும் ஆசிரியர்க்கே உரிய தனியறிவு என்று வகுத்துக் காட்டியபோது கல்வியுலகம் அதனைப் புதுநெறியாக வரவேற்றது. அவ்வறிவின் இன்றியமையாமையை 1999இல் வெளிவந்த லிப்பிங் மா என்பாரின் ஆய்வு தெளிவுறுத்தியது. ஒன்றேமுக்காலை அரையால் வகுக்குமாறும், அவ்வகுத்தலுக்குப் பொருந்தும் கதை ஒன்றைக் கூறுமாறும் அவர் ஆசிரியர்களைக் கேட்டார். சீன ஆசிரியர் எழுபத்திருவரும் சரியாக வகுத்தனர். அவர்களுட் பெரும்பாலார் பொருத்தமான கதையும் கூறினர். அமெரிக்க ஆசிரியர் இருபத்து மூவருட் பாதிக்கும் குறைவானோரே கணக்கைச் சரியாக முடித்தனர். பொருத்தமான கதை கூறியவர் ஒருவரே. முறையான கல்வியாண்டுகளோ அமெரிக்கர்க்கே மிகுதி. பட்டமும் ஆண்டுகளும் தாராத அறிவு ஒன்று உண்டு என்பதும், அது உடன்பணியாற்றும் ஆசிரியரோடு கூடிக் கூடி ஆராய்வதால் வளர்வது என்பதும் அவ்வாய்வின் முடிபு.

அவ்வினாவையே கொட்டியாரத்து வகுப்பறை ஒன்றில் வைத்துக் காண்போம். ஒன்றேமுக்காற் கொத்து அரிசியை அரைக்கொத்து அளவையால் அளந்தால் எத்தனை முறை அளக்கலாம்? மூன்று முறை முழுதாக அளந்தபின் காற்கொத்து எஞ்சுகின்றது. விடை மூன்றேகாலா, மூன்றரையா? பிள்ளைகளிற் பலர் மூன்றேகால் என்பர். எஞ்சியது காற்கொத்து என்பதைக் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள். கீழ்மேலாகப் புரட்டிப் பெருக்குக என்னும் விதியைக் கற்ற ஆசிரியர் மூன்றரை என்று திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குச் செல்வார். கண்டது பொய், விதியே மெய் என்ற பாடத்தையே பிள்ளை அன்று கற்றுக்கொள்ளும். எஞ்சியது கொத்தின் காலாயினும் அளவையின் அரையாகும். இங்கு அளப்பது அளவையால் என்பதே திறவுகோல். இதனை வழிகாட்டி ஆசிரியரிடம் நேரே கூறிவிடுதலும் தக்கதன்று. கூறிவிடின் ஆசிரியர் ஒரு கணக்கை அறிவார், அவ்வளவே. “மூன்றேகால் என்ற பிள்ளை எதனை எண்ணிற்று?” என்று வகுப்பு முடிந்தபின் ஆறுதலாகக் கேட்பவரே வழிகாட்டியாவர். அக்கேள்விக்கு விடை தேடப் புகும் ஆசிரியர், அடுத்த முறை பிழையான விடை வரும்போது அதனை அழிக்குமுன் அதன் காரணத்தை வினவுவார். ஒரு நல்ல கேள்வி ஓராண்டுக் கற்பித்தலை மாற்றவல்லது.

விஞ்ஞானத்தில் இச்சிக்கல் மொழியோடும் பின்னியுள்ளது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘திணிவு’ என்பது பொருளின் அளவையும், ‘நிறை’ என்பது அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசையையும் குறிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ ‘நிறை’ என்பது இங்கே திணிவு எனப்படுவதைக் குறிக்க, ஈர்ப்பு விசையை ‘எடை’ என்பர். அங்கிருந்து வரும் நூல்களையும் காணொளிகளையும் துணைக்கொள்ளும் இளம் ஆசிரியர் ஒரே சொல் இரு பொருள் தருவதை உணராது மயங்குவதுண்டு. அம்மயக்கம் பிள்ளைகளுக்கும் பரவுகின்றது. நன்னூலார் நல்லாசிரியனுக்கு உவமித்த நிறைகோலும், பௌதிகவியல் நோக்கில், இங்கே திணிவு எனப்படுவதையே ஒப்பிட்டுக் காட்டுவதாகும். அதனைச் சந்திரனுக்குக் கொண்டு சென்றாலும் அதே முடிபைத் தரும். வில்தராசோ அங்கே ஆறிலொரு பங்கே காட்டும். சொல்லாராய்ச்சியும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று தழுவும் இத்தகைய இடங்களை வழிகாட்டி அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்விரண்டையும் ஒருங்கே தழுவிய பெரியார் ஒருவர் இம்மண்ணின் கல்வி வரலாற்றிலேயே உளர். சுவாமி விபுலானந்தர் முத்தமிழ்ப் புலவர் என்றே பெரிதும் போற்றப்படுகின்றார். அவர் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் இரசாயன ஆசிரியரும் ஆவர் என்பது போதிய அளவு நினைக்கப்படுவதில்லை. இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் வழியாகத் திருகோணமலையோடும் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த அவர், 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1947இல் வெளிவந்த அவரது யாழ்நூல் இசையை எண்ணும் விகிதமும் கொண்டு ஆராய்வது. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள தொடர்பு விகிதப் பாடத்துக்கும் ஒலிப்பாடத்துக்கும் ஒருங்கே உரியதன்றோ? இலக்கியமும் கணிதமும் பகைப்புலங்கள் என்னும் எண்ணம் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததே.

உள்ளூர்ப் பொருள்களும் இவ்வாறே காத்திருக்கின்றன. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தும் வெவ்வேறு வெப்பநிலையுடையன. ஒரு வெப்பமானியும் ஒரு மணித்தியாலமும் இருந்தால் அளத்தல், அட்டவணைப்படுத்தல், வரைபு வரைதல், சராசரி காணல் ஆகிய அனைத்தும் அங்கே நிகழ்ந்துவிடும். புல்மோட்டைக் கருமணலில் இல்மனைற்றும் உரூற்றைலும் சிர்க்கனும் கலந்துள்ளன. கலவைகளைப் பிரித்தல் என்னும் பாடத்துக்கு அதனிற் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. மகாவலியின் நன்னீர் உவர்நீரோடு கலக்கும் கொட்டியாரக் குடாவில், ஒரே கப்பல் நன்னீரிற் சிறிது கூடுதலாகவும் கடல்நீரிற் சிறிது குறைவாகவும் அமிழ்வதேன் என்னும் வினா அடர்த்திப் பாடத்தைத் தானே தொடக்கிவைக்கும். கரைவலையின் பிடியைப் பங்கிடும் முறையைப் பின்னம் அறியாத பிள்ளையும் வீட்டில் அறியும். இவற்றைப் பாடமாக்கத் தெரியாமைக்கு ஆசிரியரின் சோம்பல் காரணமன்று. புறவூரிலிருந்து புதிதாக வந்த ஆசிரியர்க்கு இவற்றைச் சுட்டிக்காட்டுவார் அருகில் இல்லாமையே காரணம்.

வழிகாட்டிகளைப் பயிற்றும் முயற்சியிற் பாயிரத்தின் கணக்கை அறியாமலே நிறைவேற்றிக் காட்டியது மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டமாகும். 1972ஆம் ஆண்டிற் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கிற்று. அதே ஆண்டிலேயே இலங்கையிற் கனிட்ட இடைநிலை வகுப்புகளில் விஞ்ஞானமும் கணிதமும் அனைத்துப் பிள்ளைகளுக்கும் பொதுப்பாடங்களாயின என்பது நோக்கத்தக்கது. ஹோசங்காபாதின் பாடநூல் விடைகளைத் தரவில்லை. செய்து காணுமாறு பணித்தது. ஆசிரியர் விடுமுறைப் பயிற்சியில் மாணாக்கரைப் போலவே அமர்ந்து ஒவ்வொரு பரிசோதனையையும் தம் கையாற் செய்தனர். பின்னர் மாதந்தோறும் கூடித் தம் வகுப்பிற் சரியாக நிகழாதவற்றை ஆராய்ந்தனர். பல்கலைக்கழக அறிஞரும் அனுபவமுள்ள பள்ளி ஆசிரியரும் அடங்கிய குழுவினர் பள்ளிகளுக்கே சென்று ஆசிரியரோடு வகுப்பில் நின்றனர். அவ்வாறு நின்ற பள்ளி ஆசிரியருட் பலர் தாமே முன்னர்ப் பயிற்சி பெற்றவர்கள், கற்றவர் கற்பிப்பவராயினர். 1982இல் ஏகலவ்யா நிறுவனம் இதனைப் பொறுப்பேற்க, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள்வரை பரவிய இத்திட்டம் 2002இல் மாநில அரசின் ஆணையால் நிறுத்தப்பட்டது. முப்பதாண்டுகள் வாழ்ந்த ஒரு முயற்சி ஓர் ஆணையால் முடிவெய்தியமை, நல்வழிகாட்டல் பள்ளியின் அன்றாட வழக்கமாக வேரூன்றாவிடின் எத்துணைச் சிறப்புடையதாயினும் நிலையாது என்பதற்குச் சான்றாகும். யப்பானிய ஆசிரியர் நெடுங்காலமாகப் பேணிவரும் பாட ஆய்வு முறை இவ்வகையில் உறுதியானது. ஒருவர் கற்பிக்க, உடனாசிரியர் சுற்றி நின்று பிள்ளைகளை நோக்கி, பின்னர் அப்பாடத்தை ஆராய்வர். ஆராயப்படுவது பாடமேயன்றிப் பாடம் நடத்தியவர் அல்லர் என்பதால் எவரும் நாணவேண்டியதில்லை. பள்ளியின் வழக்கமாகவே அமைந்தமையால் எவர் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதுமில்லை.

இதுகாறும் பாயிரத்தைத் துலாக்கோலாகக் கொண்டோம். அத்துலாக்கோலையும் சிறிது சோதித்தல் முறையாகும். நன்னூலின் மாணாக்கன் ஆசிரியன் முன் ஓவியப் பாவைபோல் அடங்கி நிற்பவன். ஐயுற்று வினவுதலே உயிரான விஞ்ஞான வகுப்புக்கு இத்தோற்றம் பொருந்துமா என்று வினவலாம். பாயிரமே வினாவுதலையும் வினாவியவற்றுக்கு விடை கூறுதலையும் மாணாக்கனின் கடன்களாக வைத்தது என்று விடை கூறலாமாயினும், அதன் முதன்மை அடக்கத்துக்கே என்பதை மறுத்தல் இயலாது. இளம் ஆசிரியர் வழிகாட்டியின் முன் ஓவியப் பாவையாக நிற்பாராயின், நாளை அவர் வகுப்பிற் பிள்ளைகளும் ஓவியப் பாவைகளாகவே அமர்ந்திருப்பர். இன்னொன்றும் உண்டு. பாயிரத்தின் ஆசிரியன் மலைபோல் நிலைபெற்றவன். மாணாக்கனே அவனை நாடிச் செல்கின்றான். வழிகாட்டி ஆசிரியரோ தாமே நாடிச் செல்ல வேண்டியவர். நிலைத்திருத்தல் அன்று, சென்று சேர்தலே அவர் அறம். மலையின் உவமையில் அவர்க்கு எஞ்சுவது வறண்ட காலத்தும் வளந்தரும் பண்பு ஒன்றே.

நன்னூலில் இல்லாத உவமை ஒன்றைத் திருகோணமலைத் துறைமுகமே தருகின்றது. இயற்கைத் துறைமுகமாயினும் அதனுட் புகும் பெருங்கப்பல் தானாகப் புகுவதில்லை. பைலட் எனப்படும் வழிகாட்டி மாலுமி சிறு படகிற் சென்று கப்பலில் ஏறுகின்றார். கப்பல் எத்துணைப் பெரிதாயினும், தலைவர் எத்துணைக் கடல்களைக் கடந்தவராயினும், இத்துறையின் பாறையும் நீரோட்டமும் வழிகாட்டிக்கே தெரியும். எனினும் தலைமை கப்பல்தலைவரிடமே இருக்கின்றது, பொறுப்பும் அவருடையதே. வழிகாட்டி அருகில் நின்று அறிவுரை கூறி, கப்பல் சேர்ந்ததும் இறங்கிவிடுகின்றார். அவ்வழிகாட்டியும் மண்டபத்து விரிவுரையால் ஆக்கப்பட்டவர் அல்லர். மூத்த வழிகாட்டியோடு மீண்டும் மீண்டும் கப்பலேறித் தொழில் கற்றவர். வகுப்பின் தலைமையை ஆசிரியரிடமே விட்டு, உள்ளூர் நீரின் ஆழத்தை மட்டும் கூறி, தம் துணை வேண்டாத நிலையை உருவாக்கி இறங்கிவிடுபவரே கல்வித்துறையின் நல்ல வழிகாட்டியாவர்.

இவையெல்லாம் கூறுதற்கு எளியன, செயலிற் கடியன எனச் சிலர் மறுக்கலாம். ஆலோசகர் ஒருவர்க்குப் பாடசாலைகள் பல, போக்குவரத்து அரிது, படிவங்களும் கூட்டங்களும் அவர் நாளை விழுங்குகின்றன, ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பாடசாலையில் ஒருவரை வகுப்பிலிருந்து விடுவித்து மற்றொருவர் வகுப்பைக் காணச் செய்தல் பிள்ளைகளுக்கே இழப்பாகும். இம்மறுப்பு உண்மையானதே. ஆயினும் அது வழிகாட்டலை மறுப்பதாகாது; வழிகாட்டலின் வடிவத்தை மாற்ற வேண்டும் என்பதையே உணர்த்துகின்றது. தொலைவிலிருந்து ஆண்டில் ஒருமுறை வருபவரினும், அதே பாடசாலையிலோ அயற்பாடசாலையிலோ இருந்து வாரம் ஒருமுறை ஒரு பாடவேளை உடனிருப்பவர் பயன்மிக்கவர். அவர்க்கு அப்பாடவேளையை நேரசூசியிற் குறித்துக் கொடுத்தல் அதிபரின் கையில் உள்ளது. மதிப்பிடும் பொறுப்பையும் வழிகாட்டும் பொறுப்பையும் ஒருவரிடமே ஒப்படையாமை நிருவாகத்தின் கையில் உள்ளது. பயிற்சி நாள்களில் விரிவுரையைக் காற்பங்குக்குக் குறைத்து, எஞ்சியவற்றை வகுப்பறைக்கு மாற்றுதல் பயிற்றுவோரின் கையில் உள்ளது. இவற்றுள் எதுவும் புதிய கட்டடத்தை வேண்டவில்லை.

இவற்றைத் தள்ளிப்போடுதலின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதையும் நினைத்தல் வேண்டும். 6ஆம் தரத்திற் பின்னத்தைத் தவறவிட்ட பிள்ளை 7ஆம் தரத்தில் விகிதத்தையும், 8ஆம் தரத்தில் அட்சரகணிதத்தையும் தவறவிடுகின்றது. ஐந்தாண்டுகளின்பின் சாதாரண தரப் பரீட்சையிற் கணிதம் தவறும்போது, அத்தோல்வி அப்பிள்ளையின் பெயரிலேயே பதிவாகின்றது. அன்று தனியே நின்று தடுமாறிய இளம் ஆசிரியரின் பெயரோ, அவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய வழிகாட்டியின் பெயரோ அப்பெறுபேற்றுப் பத்திரத்தில் இடம்பெறுவதில்லை. மூன்றேகால் என்று விடை கூறிய அப்பிள்ளை காற்கொத்து அரிசி எஞ்சியிருந்ததைத் தன் கண்ணாற் கண்டே கூறிற்று. அது கண்டதை மதிக்க அதன் ஆசிரியர்க்குக் கற்றுத் தருபவர் ஒருவர், அடுத்த திங்கட்கிழமை அவ்வகுப்பின் பின்வாங்கில் அமர்ந்திருப்பாரா என்பதே வினா.